குடத்துக்கு உபதேசம்! குழாய்க் கிணற்றுக்குச் சலாம்!

கோடை பிறந்தால் போதும், உபதேசமும் கூடவே பிறந்துவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையில் சர்க்கார் ஆபீஸ் சுவர்களெல்லாம் "நீரைச் சேமிப்போம்" என்று பேச ஆரம்பித்துவிடுகின்றன. பல் துலக்கும்போது குழாயை மூடு. ஷவரில் குளிக்காதே, வாளியில் மொண்டு குளி. காரை ஓஸ் பிடித்துக் கழுவாதே, ஈரத் துணியால் துடை. தோட்டத்துக்கு உச்சி வெயிலில் தண்ணீர் விடாதே, பொழுது சாய்ந்தபின் விடு. சமையற்கட்டுத் தண்ணீரைச் செடிக்குத் திருப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையில் அட்டையைக் கொடுத்து, மொட்டை வெயிலில் ஊர்வலம் விடுகிறார்கள். ஊர்வலம் முடிந்து அந்தப் பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் தேடி டீக்கடைக்கு ஓடுவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

யோசனைகளில் பிழை இல்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: இது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

ஒலக்கூர், மயிலம், வானூர், மரக்காணம் பக்கத்துக் காலனித் தெருக்களில் ஷவர் எத்தனை வீட்டில் இருக்கிறது? கார் எந்த வாசலில் நிற்கிறது? குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் துலக்க வேண்டுமானால் முதலில் குழாயில் தண்ணீர் வர வேண்டாமா? விடியுமுன்னே தெருக்குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாய் உட்கார்ந்துவிடுகின்றன. ஷிப்டுக்குக் கிளம்பும் புருஷனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, நடவுக்கோ களைக்கோ போகவேண்டிய பெண், டேங்க் ஆபரேட்டர் எப்போது மோட்டார் போடுவார் என்று மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மழைக்கு வானத்தைப் பார்ப்பதுபோல. கரண்ட் போனால் அதுவும் போச்சு. கழனிக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனால் கூலியில் பிடித்தம். அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் "சிக்கனமாய் இரு" என்கிறார்கள்!

யார் யாருக்குக் கற்றுக் கொடுப்பது?

பாத்திரம் கழுவ நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தண்ணீர் செலவு செய்கிறார்கள் என்று இந்த உபதேசிகள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு குண்டான் தண்ணீரில் கழுவி, இன்னொரு குண்டானில் அலசுவார்கள். அலசிய தண்ணீர் அடுத்த நடைக்குக் கழுவும் தண்ணீர். அரிசி களைந்தது கழுநீர்ப் பானைக்கு. அது மாட்டுக்கு. மாடு இல்லாத வீடானால் அடுத்த வீட்டு மாட்டுக்கு. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்க ஆள் இருக்கிறது. துணி அலசிய தண்ணீர் வாசல் தெளிக்க. பிள்ளையைக் குளிப்பாட்டும் கல் எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். வாழையின் அடியில் போட்டிருக்கும். முருங்கை ஒன்று, அவரைப் பந்தல் ஒன்று, கூரைமேல் ஏறிய பூசணி, நாலு மிளகாய்ச் செடி. நம் ஜனங்களின் தோட்டம் என்பது இவ்வளவுதான். அது முழுக்கக் கழுவிய தண்ணீரிலேயே காய்க்கிறது. குடிக்கிற தண்ணீரை ஒரு சொம்பு எடுத்து அதற்கு யாராவது ஊற்றிவிட்டால் வீட்டில் அன்றைக்குச் சண்டை.

ஊதாரியைப் பார்த்து, "பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறான்" என்பது வழக்கு. எந்தக் காவிரிக் கரையில் பிறந்த பேச்சோ அது, நமக்குத் தெரியாது. நம் பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் தண்ணீரைத்தான் பணம்போல் எண்ணி எண்ணி எடுக்கிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் கணக்கு வேண்டாம், சர்க்கார் கணக்கையே எடுத்துக் கொள்வோம். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். பாதாளச் சாக்கடை போட்ட நகரத்து ஆளுக்கு மத்திய சர்க்காரின் அளவு 135 லிட்டர். பெருநகரமானால் 150. நாள் முழுவதும் சேற்றில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு 55. கரும்புச் சோகை அறுத்த அரிப்போடும், ஆலையின் எண்ணெய்ப் பிசுக்கோடும் வருகிறவனுக்கு 55. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எழுந்து வருகிறவருக்கு 135. ஏன் இப்படி என்று கேட்டால், நகரத்துக் கக்கூஸுக்கும் சாக்கடைக்கும் தண்ணீர் வேண்டும் என்று பதில் வரும். கிராமத்து ஏழை கக்கூஸ் கட்டிக் கொள்ளவேண்டும் என்று விளம்பரம் செய்ததும் இதே சர்க்கார்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த 55-ம் காகிதத்தில் இருக்கும் 55. குழாய் போட்டு முடிந்த வீடு என்று கணக்கில் ஏறிவிட்டது. குழாயில் காற்று வருகிறதா தண்ணீர் வருகிறதா என்பது கணக்கில் ஏறவில்லை.

சரி, வீட்டுத் தோட்டத்தைப் பற்றி உபதேசம் செய்கிறார்களே, பெரிய மனிதர் வீட்டுப் புல்வெளியை அளந்து பார்ப்போம். கோடை வெயிலில் புல் தரை நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாய் விடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஆயிரம் சதுர அடிப் புல்வெளியென்றால் 93 சதுர மீட்டர். அதாவது தினம் 465 லிட்டர். எட்டுப் பேருக்கு மேல் குடித்து, சமைத்து, குளித்து, துவைக்கச் சர்க்கார் ஒதுக்கிய தண்ணீரை அந்தப் புல் குடிக்கிறது. அது காய்ப்பதில்லை, பூப்பதில்லை, ஆடு மாடு மேயவும் விடுவதில்லை! மகாராஷ்டிரத்தில் 2016-ல் இதே கதைதான் நடந்தது. லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனது. அதே மாதம் மும்பாயிலும் புனாவிலும் ஐ.பி.எல். கிரிக்கெட் மைதானத்தின் புல்லுக்குத் தண்ணீர் பாய்ந்து கொண்டிருந்தது. ஹைகோர்ட் தலையிட்டு ஏப்ரல் 30-க்கு அப்புறம் ஆட்டங்களை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்ன பிறகுதான் நின்றது. ஒரு குடிசைவாசி பல் துலக்கும்போது சொம்பைக் கவிழ்த்திருந்தால் லாத்தூர் பிழைத்திருக்குமா?

ஒரே வருஷம், இரண்டு சட்டம்

இந்த உபதேசத்துக்குப் பின்னால் ஒரு வர்க்க நியாயம் இருக்கிறது. அதை நம் தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகமே எடுத்துச் சொல்லும்.

2003-ம் வருஷம் ஜெயலலிதா சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டது. வீடுகள், கட்டடங்கள் எல்லாவற்றிலும் மழைநீர்ச் சேமிப்பு அமைப்பு கட்டியாக வேண்டும். கெடு ஆகஸ்ட் 31. கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றது சட்டம். அதிகாரிகள் தெருத் தெருவாய் வந்தார்கள். பிளாஸ்டிக் குழாய்க்கும் ஜல்லிக்கும் கடன் வாங்கியவர்கள் உண்டு. அந்த ஏற்பாட்டினால் பல இடங்களில் கிணற்று மட்டம் ஏறியது. அதை நாம் மறுக்கவில்லை, நல்லதை நல்லது என்றே சொல்வோம். சர்க்கார் மனது வைத்தால் சில மாதத்தில் ஒரு சட்டத்தை மாகாணம் முழுவதும் நடத்திக் காட்ட முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

அதே 2003-ல் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. தமிழ்நாடு நிலத்தடி நீர் அபிவிருத்தி, நிர்வாகச் சட்டம். பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை யார், எங்கே, எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு வைக்க வந்த சட்டம் அது. அதற்கு என்ன கதி நேர்ந்தது? அமலுக்கு வரும் தேதியையே அறிவிக்கவில்லை. பத்து வருஷம் அலமாரியில் தூங்கியது. இடையில் சர்க்கார்கள் மாறின, கொடிகள் மாறின, மந்திரிகள் மாறினார்கள். சட்டம் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் 2013-ல் அதை ரத்தே செய்துவிட்டார்கள்.

பார்த்தீர்களா நியாயத்தை! கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குச் சட்டம், கெடு, மிரட்டல். பூமியைத் துளைத்து உறிஞ்சும் தண்ணீருக்குச் சட்டமும் இல்லை, கெடுவும் இல்லை.

சட்டமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் 1882-ல் போட்டுவிட்டுப் போன ஈஸ்மெண்ட் சட்டம். நிலத்துக்குச் சொந்தக்காரன் தன் எல்லைக்குள் பூமிக்கு அடியில் கிடைக்கும் தண்ணீரையெல்லாம் எடுத்துக் கொள்ளலாம் என்கிறது அது. அவன் உறிஞ்சுவதால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றினாலும் கேட்க முடியாது என்பதே அதற்கு வழக்கமாய்ச் சொல்லப்பட்ட வியாக்கியானம். இதன் அர்த்தம் என்ன? ஐம்பது ஏக்கர்காரனுக்கு ஐம்பது ஏக்கருக்குக் கீழே உள்ள தண்ணீர் சொந்தம். ஒரு ஏக்கர்காரனுக்கு ஒரு ஏக்கர். குடிமனைப் பட்டாகூட இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு? அவனுக்குத் தெருக்குழாயும் சுவர் விளம்பரமும் சொந்தம்! நிலப் பிரச்னையைப் பேசாமல் தண்ணீர்ப் பிரச்னையைப் பேசமுடியாது என்று நம் விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவருவது இதனால்தான்.

போட்டியில் தோற்கிறவன் யார் என்று கிராமத்தில் கேட்கவே வேண்டாம். சிறு விவசாயியின் திறந்த கிணறு முப்பது, நாற்பது அடி. கடன் வாங்கிச் சைடு போர் போட்டுப் பார்க்கிறான். பக்கத்தில் வசதிக்காரர் நூற்றுக்கணக்கான அடிக்கு இறக்கிவிடுகிறார். அவர் மோட்டார் ஓட ஓட இவன் கிணறு கீழே போகிறது. வானூர், மரக்காணம் கடலோரத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து. நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த இடத்தைக் கடல் தண்ணீர் வந்து பிடிக்கும். ஒரு தடவை உப்பு ஏறிய கிணற்றை மீட்க ஒரு தலைமுறை போதாது.

ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கட்டினால் ஆகும் செலவு 2 லட்சம் லிட்டர். ஐந்து பேர் கொண்ட கூலிக் குடும்பத்துக்குச் சர்க்கார் அளவுப்படி நாளைக்கு 275 லிட்டர். ஆக, ஒரே ஒரு ஏக்கருக்கு ஒரே ஒரு பாய்ச்சல், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷத் தண்ணீர்! விவசாயம் செய்யாதே என்று சொல்ல வரவில்லை. நெல் இல்லாமல் சோறு ஏது? இலவச மின்சாரத்தைப் பிடுங்கு என்றும் சொல்லவில்லை. சிறு விவசாயி அதில்தான் மூச்சு விடுகிறான், அதைத் தொட வருகிறவர்களோடு நாம் மோதத்தான் செய்வோம். வாய்க்கால் தண்ணீர் ஒழுங்காய் வந்தால், "காய்ச்சலும் பாய்ச்சலுமாக" நெல்லுக்குத் தண்ணீர் கட்டும் முறைக்கு உதவி கிடைத்தால், இரண்டு பாய்ச்சலை மிச்சம் பிடிக்க விவசாயியே தயார். மிச்சம் எங்கே இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரியும். அங்கே போய்க் கேட்கத் தைரியமில்லாமல் குடத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறது.

மழை பொய்க்கவில்லை

"என்ன செய்வது, மழை இல்லை" என்று கையை விரிப்பார்கள். அப்படியா?

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. மறுநாள் காலை வரை ஒரே நாளில் மயிலத்தில் கொட்டிய மழை சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு வருஷ மழையில் பாதி! மயிலத்தில் ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் அன்று விழுந்த தண்ணீர் மட்டும் 20 லட்சம் லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏறக்குறைய இருபது வருஷத் தண்ணீர், ஒரே ஏக்கரில், ஒரே நாளில். அது எங்கே போயிற்று? குடிசைகளுக்குள் போயிற்று. பயிரை மூழ்கடித்தது. பிறகு கடலுக்குப் போயிற்று. டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டதில் தென்பெண்ணைக் கரைக் கிராமங்கள் மிதந்தன. கூரைமேல் ஏறி நின்றவர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள்.

திண்டிவனம் ஊர் வழியே பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. ஏரிதான் இந்தப் பூமியின் தாய்ப்பால். முன்னோர்கள் ஒரு மேட்டில் விழுந்த மழையை ஓர் ஏரியில் தேக்கி, அது நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்பி, சங்கிலிபோல் கோர்த்து வைத்துவிட்டுப் போனார்கள். மண் வெட்டியவர்கள், கூடை சுமந்தவர்கள் யார்? கல்வெட்டில் பெயர் இல்லாத நம் பாட்டன் பூட்டன்மார்தான். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழேயுள்ள ஏரிகள் காயும். இன்று ஒவ்வொரு கண்ணியாக அறுக்கிறார்கள். வரத்து வாய்க்காலில் மனை பிரிக்கிறார்கள், ஏரி உள்வாயில் வேலி போடுகிறார்கள்.

தனியார் மட்டுமா? விழுப்புரம் புதுப் பஸ் நிலையத்துக்குப் பெருமழையில் போய்ப் பாருங்கள். முழங்காலளவு தண்ணீரில் பஸ் ஏறவேண்டும். காரணம் ரொம்பச் சுலபம். அது ஏரி இருந்த இடம். தண்ணீருக்கு ஞாபகம் உண்டு, பழைய வீட்டைத் தேடி வருகிறது. மெட்ராஸில் நீண்ட ஏரியை வற்ற வைத்துத் தியாகராய நகரைக் கட்டிய வெள்ளைக்காரன் வழியில்தான் இவர்களும் நடக்கிறார்கள். குடிசை போட்ட ஏழையை "நீர்நிலை ஆக்கிரமிப்பு" என்று ஜே.சி.பி. வைத்து இடிப்பார்கள், சர்க்கார் தானே ஏரிக்குள் கட்டினால் அதற்குப் பெயர் அபிவிருத்தி!

ஆற்றின் கதையைக் கேட்டால் வயிறு எரியும். தென்பெண்ணையில் 1950 வாக்கில் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு எழுபது வருஷம் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தள்ளியது. 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. அதே ஆற்றில் தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு 2020-ல் ஒரு புதுத் தடுப்பணை கட்டினார்கள். சில மாதம்கூட முழுசாய் நிற்கவில்லை. 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்து தண்ணீரெல்லாம் ஓடிவிட்டது. அந்த வருஷக் கடைசி வெள்ளத்தில் மிச்சமும் போயிற்று. பழையது எழுபது வருஷம், புதியது நாலு மாதம்! குடத்தில் ஓட்டை இருந்தால் ஏழை அதற்குத் தார் வைத்து அடைத்து எடுத்து வருகிறாள். 25 கோடி ரூபாய் ஓட்டைக்கு யார் பதில் சொல்வது?

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்று மணல் என்பது வெறும் மணலில்லை, தண்ணீர் வைக்கும் பெட்டி. வெள்ளம் வந்தால் குடித்துக் கொண்டு, கோடையில் இரு கரைக் கிணறுகளுக்கும் சிறிது சிறிதாகக் கொடுக்கும். அதை லாரி லாரியாய் அள்ளினால் பெட்டியும் போகும், ஆற்றுப் படுகையும் கீழே இறங்கும். அப்புறம் வாய்க்காலின் தலை மேலே நிற்கும், ஆறு பள்ளத்தில் ஓடும். வெள்ளம் வந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. ஏனாதிமங்கலத்தில் ஜனங்கள் மணல் குவாரியை எதிர்த்து நின்றது இந்த அனுபவத்தினால்தான்.

நந்தன் கால்வாய் இன்னொரு நீண்ட கதை. கீரனூர் அணைக்கட்டிலிருந்து பனமலை ஏரி வரைக்கும் 36 ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டிய கால்வாய். தேர்தலுக்குத் தேர்தல் அது மேடையில் ஓடும். தேர்தல் முடிந்தால் வற்றிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1959-ல் கட்டிய வீடூர் அணை முழுக் கொள்ளளவில் 605 மில்லியன் கன அடி பிடிக்கும். 55 லிட்டர் கணக்கில் எட்டரை லட்சம் பேருக்கு ஒரு வருஷத் தண்ணீர் அது. அந்தத் தண்ணீர் கழனிக்கு உரியது, அது கழனிக்கே போகட்டும். ஆனால் வண்டல் படிந்து ஓர் அடி குறைந்தால் எத்தனை ஆயிரம் குடும்பத்தின் தண்ணீர் குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். தூர் எடுக்கும் செலவைவிடச் சுவர் விளம்பரச் செலவு குறைச்சல்தான், ஒப்புக் கொள்கிறோம்!

தண்ணீரின் விலை

ஆலைத் தொழிலாளித் தோழர்கள் வாடகை வீட்டில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். 20 லிட்டர் கேன் முப்பது ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆயிரம் லிட்டர் 1,500 ரூபாய் ஆகிறது. திருநெல்வேலி கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் என்ன விலைக்குக் கொடுக்கப்பட்டது? ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு. தொழிலாளி கொடுப்பதில் நாற்பதில் ஒரு பங்கு! 2016 நவம்பரில் மதுரை ஹைகோர்ட் கிளை இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் வழக்கே தள்ளுபடியாயிற்று. கேரளத்துப் பிளாச்சிமடையில் 2002-லிருந்து ஆதிவாசிப் பெண்கள் மயிலம்மாவின் தலைமையில் கொக்கோ கோலா வாசலில் உட்கார்ந்ததால்தான் 2004-ல் அந்த ஆலை மூடப்பட்டது. கோவை நகரத்துத் தண்ணீர் விநியோகம் 2018-ல் பிரெஞ்சு சூயெஸ் கம்பெனிக்கு 26 வருஷ ஒப்பந்தத்தில் போயிற்று. குழாய் நம் ஊரில், தண்ணீர் நம் ஆற்றில், லாபம் பாரிஸில்.

புதுச்சேரி மில் தொழிலாளிகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த மில்களில் உழைத்தவை. எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள்மேல் 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டதில் 12 தோழர்கள் மாண்டார்கள். அன்றைக்கு மில் முதலாளி அவர்களிடம், "நேரத்தைச் சிக்கனமாய்ச் செலவு செய்யக் கற்றுக் கொள்ளுங்கள்; சீக்கிரம் சாப்பிடுங்கள், வேகமாய் வீட்டுக்கு நடங்கள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? இன்று தண்ணீர் கேட்கிறவனுக்குக் கிடைக்கும் பதில் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

சாதி என்கிற மதகையும் மறந்துவிடக் கூடாது. ஊருக்குள் டேங்க் இருக்கும், காலனிக்குக் குழாய் கடைசியில் போகும், கடைசிக் குழாய்க்கு வேகம் வராது. 1927 மார்ச் 20-ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் கை வைத்துத் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு ஓடப் போகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. தண்ணீர் தினத்தன்று உறுதிமொழி வாசிக்கிறவர்கள் இதையும் சேர்த்து வாசிப்பார்களா?

நம் வீட்டுக் குழாய்

இவ்வளவும் படித்துவிட்டு, "ஆகையால் குழாயைத் திறந்து விடு, சர்க்காருக்குப் புத்தி வரட்டும்" என்று சில தோழர்கள் பேசுகிறார்கள். இது தப்பு. மேட்டுத் தெருக்காரன் குழாயில் வால்வு இல்லாமல் ஓடவிட்டால் நஷ்டம் மந்திரிக்கா? பள்ளத்துத் தெருக்காரிக்குத்தான். அவளும் நம் சங்கத்து மெம்பர்தான்.

நம் யோக்கியதையையும் சொல்லிவிடுவோம். நம் சங்க ஆபீஸ் ஒன்றில் குழாய் மூன்று மாதமாய்ச் சொட்டிக் கொண்டிருந்தது. ஏகாதிபத்தியத்தைப் பற்றி வகுப்பு நடக்கும்போதெல்லாம் பின்னால் அது தாளம் போடும். ஒரு ராத்திரி அதன் கீழே வாளியை வைத்துவிட்டுப் படுத்தோம். விடிந்தபோது வாளி நிரம்பி வழிந்திருந்தது. ஐந்து ரூபாய் வாஷர்! மாற்றச் சொல்லி முதலில் சத்தம் போட்டவள் பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் எடுக்க வரும் ஒரு கிழவி. கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே மிச்சம் பிடிப்போம், நமக்காக. பொதுக் குழாய்க்கு மூடி போடுவோம். குழாயடியில் தேங்கும் தண்ணீருக்கு ஓர் உறிஞ்சுகுழி வெட்டி ஜல்லி போட்டால் கொசுவும் குறையும், பக்கத்துக் கைப்பம்பும் பிழைக்கும். செடியின் அடியில் சருகும் சோகையும் மூடாக்காய்ப் போட்டால் இரண்டு நாளைக்கு ஒரு சொம்பு போதும். அடியில் சிறு துளை போட்ட பழைய பானையைக் கழுத்துவரை புதைத்துத் திரி வைத்தால் பூசணிக்கொடி கோடையைத் தாண்டிவிடும். இதையெல்லாம் நம் பெண்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள், சுவர் விளம்பரம் தேவையில்லை.

அதோடு நின்றுவிடாமல் இன்னொரு வேலையும் செய்யவேண்டும். தமிழ்நாட்டில் மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. மே தினத்தன்றும் கூடுகிறது. இரண்டுக்கும் போவோம், குடத்தோடு போவோம். நம் ஊர் ஏரியின் பரப்பு ரெவின்யூ கணக்கில் எவ்வளவு, இன்று தரையில் எவ்வளவு என்று கேட்போம். வரத்து வாய்க்காலை அளந்து கல் நடச் சொல்வோம். ஆக்கிரமிப்பை எடுக்கும்போது பெரிய வேலியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வோம், குடிசைக்கு மாற்று மனை கொடுத்த பிறகே கை வைக்க விடுவோம். இடதுசாரிகளின் நிர்ப்பந்தத்தால் 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் எத்தனையோ ஏரிகளுக்கு நம் பெண்கள் மண் சுமந்தார்கள். ஏரி வேலை கூலிக்காரருக்கே வேண்டும், காண்டிராக்டர் மெஷினுக்கு அல்ல என்று எழுதச் சொல்வோம். ஊரில் எத்தனை போர், எந்த ஆழம், எது வியாபாரத்துக்குத் தண்ணீர் விற்கிறது என்ற ஜாபிதாவைப் படிக்கச் சொல்வோம். காலனிக் கடைசிக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அதிகாரியை நிற்க வைத்துக் கடிகாரம் பார்க்கச் சொல்வோம். கேரளத்தில் 2017-ல் வரட்டாற்றை ஜனங்களும் பஞ்சாயத்துகளும் சேர்ந்து மீட்டார்கள். அங்கே முடிந்தது சங்கராபரணிக் கரையில் முடியாதா?

கூட்டம் முடியும் நேரத்தில் தீர்மானப் புத்தகத்தை வெற்றுத் தாளாக நீட்டி, "கைநாட்டு வையுங்கள், அப்புறம் எழுதிக் கொள்கிறோம்" என்பார்கள். வைக்காதீர்கள். நம் தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்படட்டும். அதுவரைக்கும் ஒரு பெண்ணும் தன் குடத்தை எடுத்துக் கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.